நவச்சாரக் கணக்கு

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருத்தெருவாக வந்த காலம் ஒன்று இருந்தது. வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு குழி தோண்டி, துருத்தியைப் பதித்து, கரியைக் கனிய வைப்பார். பாத்திரம் நன்றாகச் சூடேறியதும் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை உள்ளே தூவுவார். குப்பென்று வெண்புகை கிளம்பும். சுற்றி நிற்கும் பிள்ளைகளின் மூக்கில் சுருக்கென்று ஏறும். அந்த நெடி அடங்குவதற்குள் ஈயத்தை ஓர் இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைத்துவிடுவார். கறுத்துக் கிடந்த பாத்திரம் வெள்ளிபோல ஆகிவிடும்.

அந்தப் பொடிதான் நவச்சாரம். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. வேதியியல் பெயர் அம்மோனியம் குளோரைடு. சூடு பட்டதும் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். இரண்டாவது வாயு பித்தளைமேல் படிந்த களிம்பை அரித்தெடுக்கும். ஈயம் பிடிக்கும்.

ஈயம் பூசுகிறவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். நவச்சாரம் நம்மைவிட்டுப் போகவில்லை. நாம் ஒவ்வொருவரும் தினமும் சிறுநீரில் 30 முதல் 40 மில்லிமோல் அம்மோனியத்தை வெளியேற்றுகிறோம். அத்தனையும் குளோரைடுடன் சேர்ந்து காய்ந்தால் சுமார் 2 கிராம் நவச்சாரம் கிடைக்கும். உடம்பில் அமிலம் நாள்கணக்கில் தங்கிவிட்டால், நல்ல சிறுநீரகம் இதை 200 மில்லிமோலுக்கும் மேலே கொண்டுபோகும். அது 10 கிராமைத் தாண்டிய நவச்சாரம்.

கிட்னி டெஸ்ட் என்று எழுதிக் கொடுத்தால் லேபில் யூரியா, கிரியாட்டினின் பார்ப்பார்கள், கூடவே சோடியம், பொட்டாசியம். 'உப்பு கூடியிருக்கு' என்று நம் ஊர் டாக்டர்கள் சொல்வது இந்த முதல் இரண்டைத்தான். அந்த உப்புப் பட்டியலில் அம்மோனியம் கிடையாது. சிறுநீரகம் கழிவை வடிகட்டுகிறதா என்பதைக் கிரியாட்டினின் சொல்லும். அமிலத்தை வெளியே தள்ளுகிறதா என்பதை அம்மோனியம்தான் சொல்லும். ஆனால் அதை நேராக அளக்காமல், மற்ற உப்புகளைக் கூட்டிக் கழித்து ஊகித்துக்கொள்கிற வழக்கம்தான் சுமார் 40 ஆண்டுகளாக இருக்கிறது. அழகான ஊகம். சில இடங்களில் பிரமாதமாக வேலை செய்யும், வேறு சில இடங்களில் காலை வாரிவிடும்.

முதலில் அந்த நெடி விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் மூக்கைப் பொத்த வைக்கும் அம்மோனியாவைச் சிறுநீரகம் தயாரிக்கவில்லை. அப்போதுதான் கழித்த சிறுநீரில் அந்த நெடி இருக்காது. தரையில் தேங்கிக் கிடக்கும் சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் உடைக்கின்றன. ஒரு யூரியா உடைந்தால் இரண்டு அம்மோனியா. யூரியாவோ லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிமோல் இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு உடைந்தாலே சிறுநீரகம் செய்து அனுப்பிய அம்மோனியத்தின் அளவுக்கு வந்துவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பிளை மேசையில் மறந்துவிட்டு டீ குடிக்கப் போன லேப் ஆசாமியின் கதை பின்னால் வரும்.

இத்தனை சிரமப்பட்டு அம்மோனியத்தை ஏன் செய்ய வேண்டும்? காரணம் நம் சாப்பாடு. முட்டை, மீன், கறி, பருப்பு எதுவானாலும் அதன் புரதத்தில் கந்தகம் இருக்கிறது. அது எரிந்து முடிகிற இடத்தில் கந்தக அமிலம் மிஞ்சுகிறது. கார் பேட்டரியில் இருக்கும் அதே அமிலம்தான், அளவு குறைவு. மூச்சு வழியாகக் கரியமில வாயுவைப்போல இதை ஊதித் தள்ள முடியாது. கலப்பு உணவு உண்ணும் 60 கிலோ எடையுள்ளவரிடம் தினமும் ஏறத்தாழ 60 மில்லிமோல் அமிலம் இப்படிச் சேரும். சிறுநீர்தான் ஒரே வாசல்.

அந்த வாசலுக்கு ஓர் எல்லை உண்டு. மனிதச் சிறுநீரின் பிஎச் 4.5க்குக் கீழே இறங்காது. அந்தப் புளிப்பிலும் லிட்டருக்கு 0.03 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனிதான் தனியாகத் திரியும். 60 மில்லிமோலையும் அப்படித் தனித்தனியாக அனுப்புவதென்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் சிறுநீர் கழிக்க வேண்டும். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இரண்டு!

ஆகவே ஹைட்ரஜன் அயனியை யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாஸ்பேட் கொஞ்சம் தூக்குகிறது. ஆனால் சாப்பாட்டில் எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் பாஸ்பேட். இன்று அமிலம் அதிகம், கூடுதலாக ஆள் வேண்டும் என்றால் அதனால் முடியாது. அம்மோனியா விஷயம் வேறு. அதைச் சிறுநீரகமே உற்பத்தி செய்கிறது. தேவைக்கேற்ப ஷிப்டு கூட்டலாம். ஆனால் ஒரே நாளில் கூட்ட முடியாது. முழு வேகம் பிடிக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும்.

உற்பத்தி முறையும் சுவாரசியமானது. சிறுநீரக நுண்குழலின் முதல் வளைவில் உள்ள செல்கள் ரத்தத்திலிருந்து குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து இரண்டு படியாக உடைக்கின்றன. ஒரு குளுட்டமினுக்கு இரண்டு அம்மோனியம். மிஞ்சிய கூடு எரியும்போது புதிதாக இரண்டு பைகார்பனேட் பிறக்கிறது. பைகார்பனேட்தான் உடம்பின் சோடா உப்பு, அமிலத்தை முறிப்பது. அதனால் அம்மோனியம் சிறுநீரில் போகிறது, பைகார்பனேட் ரத்தத்துக்குத் திரும்புகிறது. இதில் ஒரு நிபந்தனை. அம்மோனியம் வெளியேதான் போக வேண்டும். ரத்தத்துக்குத் திரும்பினால் கல்லீரல் அதை யூரியாவாக்கும், அப்படி ஆக்கும்போது பிறந்த பைகார்பனேட்டைச் செலவழித்துவிடும். வரவும் செலவும் சரியாகிக் கையில் ஒன்றும் நிற்காது. சிறுநீரில் போன ஒவ்வொரு அம்மோனியமும் ரத்தத்தில் சேர்ந்த ஒரு பைகார்பனேட்டுக்கு ரசீது.

யூரியா கழிவு. ரத்தத்தோடு வருகிறது, வடிந்து போகிறது. அம்மோனியம் கழிவு அல்ல, சிறுநீரகம் தானே செய்து அனுப்பும் சரக்கு. மருத்துவம் படித்தவர்களிலேயே சிலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சரக்கு போகும் வழியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நடுவழியில் பொட்டாசியத்துக்கென்று திறந்திருக்கும் வாசலில் அம்மோனியம் பொட்டாசியம்போல நுழைந்துவிடுகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் குவிகிறது. அங்கிருந்து கடைசிக் குழாய்க்குள் அம்மோனியாவாகக் கடக்கிறது. அந்தக் கடைசி வாசலில் நிற்கும் புரதம் ஆர்எச் குடும்பத்தைச் சேர்ந்தது. ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அதே குடும்பத்தின் சிறுநீரகக் கிளை. உள்ளே போன அம்மோனியா அங்கே ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பற்றிக்கொண்டு மறுபடியும் அம்மோனியம் ஆகிறது. அதற்குப் பிறகு அதற்குத் திரும்பும் வழி கிடையாது.

இதெல்லாம் ஒரு நாளில் தெரிந்ததல்ல. 1877இல் ஜெர்மனியில் வால்டர் என்பவர் நாய்களுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார். சிறுநீரில் அம்மோனியா ஏறியது. 1880இல் ஹாலர்வோர்டன், சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரிலும் அம்மோனியா மிக அதிகம் என்று கண்டார். நாய்க்கு அமிலம் கொடுத்ததால் அம்மோனியா கூடியது என்றால், சர்க்கரை நோயாளிக்கு யார் அமிலம் கொடுத்தார்கள்? இப்படிக் கேட்டுக்கொண்டு அந்த அமிலத்தைத் தேடிப் போனவர் ஷ்டாடெல்மன். அது பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரிக் அமிலம் என்று 1884இல் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் மின்கோவ்ஸ்கி. இன்று ஐசியூ வாசலில் உறவினர்களிடம் 'கீட்டோன் ஏறியிருக்கு' என்று சொல்கிறார்களே, அந்தக் கீட்டோன் அமிலத்தை முதலில் காட்டிக்கொடுத்தது சிறுநீரின் அம்மோனியம்தான்.

அம்மோனியா ரத்தத்திலிருந்து வடிந்து வரவில்லை, சிறுநீரகத்திலேயே பிறக்கிறது என்று 1921இல் காட்டியவர்கள் நாஷும் பெனடிக்டும். சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைவிட வெளியே வரும் ரத்தத்தில் அம்மோனியா அதிகம் என்பது அவர்களுடைய சான்று. மூலப்பொருள் குளுட்டமின் என்று வான் ஸ்லைக் குழு 1943இல் நிறுவியது. அந்தக் காலத்து லேப்களில் சிறுநீர் அம்மோனியத்தை அளப்பது அன்றாட வேலை. காரம் சேர்த்து, காற்றை ஊதி, கிளம்பும் அம்மோனியாவை அமிலத்தில் பிடித்து அளப்பார்கள். கை வேலை அதிகம். தானியங்கிக் கருவிகள் வந்தபோது சோடியம், பொட்டாசியம், குளோரைடு பட்டியலில் ஏறின. அம்மோனியத்தைக் கேட்பார் இல்லை.

கேட்பார் இல்லாமல் போனாலும் தேவை இருந்தது. எங்கே என்பதற்கு இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம். எண்களை விளக்கத்துக்காக நானே வைத்திருக்கிறேன், இந்த மாதிரி நோயாளிகள் கற்பனை அல்ல.

இருவருக்கும் வயது முப்பதுக்கு மேல். காலையில் எழுந்திருக்க முடியவில்லை, கால் துவண்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இருவருக்கும் ரத்தப் பொட்டாசியம் 2.4, இருக்க வேண்டியது 3.5க்கு மேல். பைகார்பனேட் 14, இருக்க வேண்டியது 22க்கு மேல். குளோரைடு இருவருக்கும் கூடுதல். ரத்த அறிக்கையை வைத்து இருவரையும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் பெண்ணுக்குப் பல நாளாக வயிற்றுப்போக்கு. உடல் இளைக்க வேண்டுமென்று பேதி மாத்திரையை வீட்டுக்குத் தெரியாமல் விழுங்குகிறவராகவும் இருக்கலாம், அதை வாய் திறந்து சொல்ல மாட்டார். பைகார்பனேட் குடல் வழியாகப் போயிருக்கிறது, சிறுநீரகத்தில் கோளாறு இல்லை. இரண்டாவது பெண்ணுக்கு வாய் உலர்ந்து சோறு இறங்க மாட்டேன் என்கிறது, கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். ஷோக்ரன் நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தி எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும்போது சிறுநீரக நுண்குழலையும் விட்டுவைக்கவில்லை. அமிலத்தை வெளியே தள்ளும் கடைசிக் குழாய் பழுது. இதற்குச் சிறுநீரக நுண்குழல் அமிலத்தேக்கம் என்று பெயர். டாக்டர்கள் சுருக்கமாக ஆர்டிஏ என்பார்கள்.

முதலாமவருக்குப் பேதியை நிறுத்தினால் போதும். இரண்டாமவருக்கு வருடக்கணக்கில் காரமும் பொட்டாசியமும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு கரையும், கிட்னியில் சுண்ணாம்பு படியும், கால் மறுபடி மறுபடி துவளும். இதே கோளாறோடு பிறக்கும் குழந்தை வளராது. எத்தனை டானிக் கொடுத்தும் பிள்ளை தேறவில்லையே என்று தாய் அலைந்துகொண்டிருப்பாள். மருந்தோ மலிவு. நோயைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

இருவரையும் பிரிப்பது அம்மோனியம். முதல் பெண்ணின் சிறுநீரில் அது ஏராளமாக இருக்க வேண்டும், இரண்டாவது பெண்ணிடம் சொற்பமாக.

சிறுநீரின் பிஎச் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். குச்சியை நனைத்தால் நிறம் மாறிக் காட்டுமே. ஏமாற்றும். பொட்டாசியம் குறைந்தால் அம்மோனியா உற்பத்தி கூடும். அந்த அம்மோனியா ஹைட்ரஜன் அயனிகளை அள்ளிக்கொள்வதால் முதல் பெண்ணின் சிறுநீர் பிஎச் 6க்கு மேலேகூட நிற்கலாம். அதே நேரம், நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் வரும் நான்காம் வகை ஆர்டிஏவில் பொட்டாசியம் ஏறி அம்மோனியா உற்பத்தியை அமுக்கிவிடும். அங்கே பிஎச் 5.5க்குக் கீழே, நல்ல புளிப்பாக இருக்கும், போகும் அமிலமோ மிகக் குறைவு. பிஎச்சை வைத்து அமிலக் கணக்குப் போடுவது, பிளாட்பாரத்தில் நிற்பவர்களை எண்ணிவிட்டு ரயிலில் இத்தனை பேர் போனார்கள் என்று சொல்வது மாதிரி.

இங்கேதான் 1980களில் அந்த ஊகம் வந்தது. 1988இல் டேனியல் பாட்லே குழுவினர் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்க வார்டு ரவுண்டில் புழங்கத் தொடங்கியது. சிறுநீர் அனயான் கேப் என்று பெயர். தமிழில் அயனி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம்.

தத்துவம் சுலபம். எந்தத் திரவத்திலும் நேர்மின் அயனிகளின் மொத்தமும் எதிர்மின் அயனிகளின் மொத்தமும் சமமாக இருந்தாக வேண்டும். லேப் அளப்பது சோடியம், பொட்டாசியம் என்ற இரண்டு நேர்மின் அயனிகளையும், குளோரைடு என்ற ஓர் எதிர்மின் அயனியையும். அம்மோனியம் நேர்மின். அது பெரும்பாலும் குளோரைடைக் கூட்டிக்கொண்டுதான் வெளியே போகும், ஈயம் பூசுகிறவரின் பொட்டலத்தில் இருந்த அதே ஜோடியாக. ஆகவே குளோரைடு, சோடியம் பொட்டாசியம் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்தால், அந்த உபரி குளோரைடுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை இருக்கிறது என்று பொருள். பந்தியில் ஆள் தலையை எண்ணாமல், எடுத்த எச்சில் இலையை எண்ணி எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சமையல்காரர் சொல்வாரே, அந்த மாதிரி.

முதல் பெண்ணின் சிறுநீரில் சோடியம் 30, பொட்டாசியம் 20, குளோரைடு 90. முப்பதும் இருபதும் ஐம்பது, அதில் தொண்ணூறைக் கழித்தால் மைனஸ் 40. அம்மோனியம் நிறைய இருக்கிறது. சிறுநீரகம் தன் கடமையைச் செய்கிறது, குடலைப் பாருங்கள். இரண்டாவது பெண்ணுக்குச் சோடியம் 50, பொட்டாசியம் 35, குளோரைடு 60. கூட்டிக் கழித்தால் பிளஸ் 25. அம்மோனியம் சொற்பம், சிறுநீரகத்தைப் பாருங்கள். புது இயந்திரம் வேண்டாம், புது ரசாயனம் வேண்டாம். மாவட்ட மருத்துவமனை லேபில் கிடைக்கும் மூன்று எண்ணும் பேனாவும் போதும். ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் இதில் சொக்கிப் போனதில் ஆச்சரியமில்லை.

சொக்கிப் போனவர்கள் மறந்தது ஒன்று. சமையல்காரர் கணக்கு சரியாக இருக்க, எல்லாரும் இலையில்தான் சாப்பிட வேண்டும். பாதிப் பேர் தட்டில் சாப்பிட்டால்?

அம்மோனியம் குளோரைடோடு போகாமல் வேறொரு எதிர்மின் அயனியோடு போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. தெருவோரப் பிள்ளைகள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் நனைத்து முகர்வது தெரிந்த சோகம். இந்த மாதிரிப் பசைகளிலும் தின்னர்களிலும் உள்ள டொலுவீன் உடம்பில் ஹிப்பூரிக் அமிலமாக மாறுகிறது. அந்தப் பிள்ளைக்கும் பொட்டாசியம் இறங்கிக் கால் துவளும், ரத்தத்தில் பைகார்பனேட் குறையும். சிறுநீர் இடைவெளி பிளஸ்ஸில் வரும். புத்தகப்படி ஆர்டிஏ. பல காலம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் சிறுநீரில் அம்மோனியம் தாராளமாகவே இருக்கும், ஆனால் குளோரைடுக்குப் பதில் ஹிப்பூரேட்டைக் கைபிடித்துப் போயிருக்கும். இதை 1991இல் கார்லைல் குழுவினர் நேராக அளந்து காட்டினார்கள். கீட்டோன் அமிலங்களுக்கும் இதே கதை. ஹாலர்வோர்டன் 1880இல் அளந்து பார்த்துக் கண்டுபிடித்த விஷயத்தை, நூறு வருஷம் கழித்து வந்த குறுக்குவழிக் கணக்கு தவறவிடுகிறது. இதைவிடக் கேலி வேறென்ன வேண்டும்?

இதற்கு மாற்றாக வந்தது ஆஸ்மோலார் இடைவெளி. கனடாவில் ஹால்பரின் குழுவினர் இதைப் பெரிதும் வளர்த்தெடுத்தார்கள். இது மின்சுமையைப் பார்ப்பதில்லை, கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. உப்புத் தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிடக் குறைந்த வெப்பத்தில் உறையும் அல்லவா? ஆஸ்மோமீட்டர் என்ற கருவி சிறுநீரை உறைய வைத்துப் பார்க்கிறது. ஒரு கிலோ நீரில் ஓர் ஆஸ்மோல் துகள் இருந்தால் உறைநிலை 1.86 டிகிரி இறங்கும். நம் முதல் பெண்ணின் சிறுநீர் பூஜ்யத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 1 டிகிரியில் உறைகிறது என்றால் 530 மில்லி ஆஸ்மோல். இதில் தெரிந்த துகள்களைக் கழிக்க வேண்டும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 50, ஒவ்வொன்றுக்கும் ஒரு எதிர்மின் துணை உண்டு என்பதால் 100. யூரியா 250 மில்லிமோல். குளுக்கோஸ் இல்லை. மொத்தம் 350. மிச்சம் 180. அம்மோனியமும் அதன் துணையுமாகச் சேர்ந்த எண்ணிக்கை இது, பாதியாக்கினால் அம்மோனியம் 90. இரண்டாவது பெண்ணுக்கு யூரியா 200, அளந்தது 410, தெரிந்தது 370, மிச்சம் 40, அம்மோனியம் 20. துணை குளோரைடா ஹிப்பூரேட்டா கீட்டோனா என்ற கேள்வியே இங்கே எழாது. இலையோ தட்டோ, ஆளைத்தான் எண்ணுகிறோம்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அது நம் ஊரில் வெட்டி வைத்த பள்ளம். அமெரிக்கப் புத்தகங்களில் சூத்திரம், யூரியாவிலுள்ள நைட்ரஜனை மட்டும் எடுத்து 2.8ஆல் வகுக்கச் சொல்லும். அங்கே லேப் அறிக்கை அப்படித்தான் வரும். இந்தியாவில் பல லேப்கள் முழு யூரியாவின் எடையைத் தருகின்றன, அதை 6ஆல் வகுக்க வேண்டும். முதல் பெண்ணின் யூரியா டெசிலிட்டருக்கு 1,500 மில்லிகிராம். ஆறால் வகுத்தால் 250, சரி. புத்தகத்தைப் பார்த்து 2.8ஆல் வகுத்தால் 536! தெரிந்த துகள்களின் மொத்தம் அளந்த மொத்தத்தையே தாண்டிவிடும், அம்மோனியம் மைனஸில் வரும். மைனஸில் வந்தால் நல்லது, யாராவது விழித்துக்கொள்வார்கள். யூரியா குறைவாக இருந்து, தப்பான விடை நம்பும்படியான எண்ணாக வந்துவிட்டால்தான் ஆபத்து. தவிர, மது குடித்தவர், மானிட்டால் ஏற்றப்பட்டவர் என்றால் அந்தத் துகள்களும் மிச்சத்தில் சேர்ந்து அம்மோனியம் வேஷம் போடும்.

சரி, நேராக அளப்பது அவ்வளவு கஷ்டமா? கல்லீரல் நோயாளி மயங்கி வந்தால் ரத்தத்தில் அம்மோனியா பார்க்கிறோம். பெரிய மருத்துவமனை லேப்களில் வழக்கமான சோதனை. அதன் செயல்முறையைக் கவனியுங்கள். ஆல்பா கீட்டோ குளுட்டரேட் என்ற பொருளோடு அம்மோனியத்தைச் சேர்க்கிறது குளுட்டமேட் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி, குளுட்டமேட் உருவாகிறது. அப்போது செலவாகும் இன்னொரு பொருள் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் தன்மையை இழக்கிறது. ஒளி எவ்வளவு கூடுதலாகக் கடந்து வந்தது என்று பார்த்தால் அம்மோனியம் எவ்வளவு என்று தெரியும். சிறுநீரகம் குளுட்டமினை உடைத்தபோது இரண்டாவது அம்மோனியத்தைப் பிரித்துத் தந்தது இதே நொதிதான். சிறுநீரகம் செய்ததை லேப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறது, அவ்வளவே.

ரத்தத்தில் அம்மோனியா மைக்ரோமோல் கணக்கு, சிறுநீரில் மில்லிமோல் கணக்கு. ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆகவே சிறுநீரைப் பல நூறு மடங்கு நீர்த்துவிட்டு அதே கருவியில் வைத்தால் போதும். அப்படிச் செய்யலாம், எண் நம்பகமாகவே வருகிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. நிபந்தனை, சாம்பிள் புதிதாக இருக்க வேண்டும் அல்லது குளிரில் இருக்க வேண்டும். இங்கேதான் நம் டீ குடிக்கப் போன ஆசாமி வருகிறார். மே மாத வெயிலில், சிறுநீர்த் தொற்று உள்ளவரின் சாம்பிள் மூன்று மணி நேரம் மேசையில் கிடந்தால், வரும் எண் சிறுநீரகத்தைப் பற்றியதாக இருக்காது, பாக்டீரியாவைப் பற்றியதாக இருக்கும். பிஎச் 7.5, 8 என்று வந்தால் அந்தச் சாம்பிளைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குவதே மரியாதை.

இவ்வளவு நாள் இதெல்லாம் அரிதான ஆர்டிஏ பற்றிய பேச்சு என்று ஒதுக்க முடிந்தது. இப்போது முடியாது. சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் மெல்ல மெல்லச் சிறுநீரகம் தேய்கிறவர்களின் கூட்டம் பெரியது, அவர்கள் விஷயத்திலும் அம்மோனியம் பேசுகிறது. சிறுநீரக அலகுகள் செத்துக்கொண்டே போகும்போது மிச்சமுள்ளவை ஒவ்வொன்றும் கூடுதலாக அம்மோனியம் செய்து ஈடுகட்டப் பார்க்கும். ஒரு கட்டத்துக்குப் பின் முடியாது, மொத்த அளவு இறங்கும். ரத்தப் பைகார்பனேட் அப்போதும் நார்மலில் நிற்கும். எலும்பும் தசையும் தங்கள் இருப்பைக் கரைத்து அமிலத்தை வாங்கிக்கொள்வதால் ரத்தம் வெளியே சிரித்துக்கொண்டிருக்கும். பிரான்சில் நெஃப்ரோடெஸ்ட் என்ற ஆய்வில் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களிடம் இது தெரிந்தது. அம்மோனியத்தை வெளியேற்றும் திறன் குறைவது, ரத்தத்தில் அமிலத்தேக்கம் தெரிவதற்கு முன்பே வருகிறது. அப்படிக் குறைந்தவர்கள் டயாலிசிஸ் கட்டத்துக்குப் போகும் வாய்ப்பும் அதிகம். 2015இல் வெளியான முடிவு. ரத்தக் கொதிப்பால் சிறுநீரகம் கெட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்களை ஆராய்ந்த அமெரிக்கக் குழு 2017இல் இதே திசையில் எழுதியது. ஒரு நாளைக்கு 20க்குக் கீழே அம்மோனியம் போனவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாயிற்று, பைகார்பனேட் நார்மலாக இருந்தவர்களிடமும்.

அயனி இடைவெளியைப் போட்டு இதைக் கண்டுபிடித்துவிடலாமே? பார்த்தார்கள். 2018இல் வந்த அடுத்த ஆய்வில் இடைவெளிக்கும் நேராக அளந்த அம்மோனியத்துக்கும் ஒட்டு உறவு மோசமாக இருந்தது. யாருக்கு நோய் முற்றும் என்று இடைவெளியால் சொல்ல முடியவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. இங்கே அம்மோனியத்தின் அளவும் அதன் வித்தியாசங்களும் சிறியவை. சல்பேட், பாஸ்பேட் போன்ற அளக்கப்படாத அயனிகளின் ஏற்ற இறக்கம் பெரிது. மைனஸ் 40க்கும் பிளஸ் 25க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கிற வலையில் இந்தப் பொடிமீன் சிக்காது.

அம்மோனியம் குறைவு என்றாலே கிட்னி போச்சு என்று பயப்படவும் கூடாது. அமிலம் குறைவாகச் சாப்பிட்டால் அம்மோனியமும் குறைவாகத்தான் போகும். கீரை, காய்கறி, பழம் அதிகமாகச் சாப்பிடுகிறவரின் உணவே உடம்புக்குக் காரம் கொடுத்துவிடுகிறது, அவருடைய சிறுநீரகம் அம்மோனியம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வேலையே வராத தொழிலாளியைச் சோம்பேறி என்று சொல்லலாமா? அதனால் இந்த எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது. ரத்தப் பைகார்பனேட்டையும் உணவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் 24 மணி நேரச் சிறுநீரில் சல்பேட்டையும். சாப்பிட்ட கந்தகத்துக்கு அது சாட்சி.

2022இல் அமெரிக்கச் சிறுநீரக நிபுணர்கள் சிலர் சேர்ந்து, இடைவெளிக் கணக்கை விட்டு அம்மோனியத்தை நேராகவே அளப்போம் என்று எழுதினார்கள். எனக்கும் அதில் மறுபேச்சு இல்லை. கையில் மூன்று எண் மட்டும் இருக்கும் சிறிய ஊர் மருத்துவமனையில், கால் துவண்டு வந்த பெண்ணுக்கு முன்னால் அயனி இடைவெளி இன்றும் அருமையான கருவி, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ரத்த அம்மோனியா பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு, மாடிக்கு மாடி ஏசி போட்ட லேபில் உட்கார்ந்து, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக் குளோரைடைக் கழித்துக்கொண்டிருப்பதற்கு நியாயம் கிடையாது. அந்த லேப்களை நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நீர்க்க ஒரு பிப்பெட், சாம்பிளைக் குளிரில் வைக்க ஓர் அலமாரி, சோதனைப் பட்டியலில் 'சிறுநீர் அம்மோனியம்' என்று ஒரு வரி.